ஸ்கூல்ல ஸ்பானிஷ் ஹானர் சொசைட்டி ஆரம்பிக்கிற டீச்சர் என்ன பண்றாங்க, எதுக்குப் பண்றாங்க

கேள்வி சுருக்கமா இதுதான்: டாலஸ் பக்கம் ஒரு பப்ளிக் ஹைஸ்கூல், அங்க படிக்கிற பொண்ணோட ஸ்பானிஷ் டீச்சர் இந்த வருஷம் புதுசா ஒரு ஹானர் சொசைட்டி, அதாவது நல்லா படிக்கற பிள்ளைங்கள தேர்ந்தெடுத்து கௌரவிக்கற அமைப்பு, ஆரம்பிக்கப் போறாங்கன்னு பேரன்ட்ஸுக்கு மெயில் வந்திருக்கு. இது நிஜமாவே மதிப்புள்ள விஷயமா, இல்ல காசு வாங்கிட்டு சர்ட்டிஃபிகேட் குடுக்கற டைப்பா, வீட்ல தமிழ் பேசற நம்ம பிள்ளைக்கு அதுல என்ன வேலை, அந்த டீச்சருக்கு இதுனால என்ன கிடைக்குது. நான் ஹைஸ்கூல்ல ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கறேன், எங்க ஸ்கூல்ல அந்த சொசைட்டியோட கிளைய, சாப்டர்னு சொல்வாங்க, ஆரம்பிச்சதும் நான்தான், இன்னைக்கு வரைக்கும் அதுக்கு ஸ்பான்ஸர், அதாவது பொறுப்பு ஆசிரியரும் நான்தான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல மெயில்ல என்ன பேர் போட்டிருக்குன்னு பாருங்க. சோசியெதாத் ஓனோராரியா இஸ்பானிகான்னு இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. ஹைஸ்கூல் ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் பிள்ளைங்களுக்காக 1953-ல ஆரம்பிச்ச சொசைட்டி அது, அமெரிக்காவுல இந்த ரெண்டு மொழியும் சொல்லிக் குடுக்கற ஆசிரியர்களோட சங்கமான ஏ.ஏ.டி.எஸ்.பி. தான் அத நடத்துது. தபால்ல தானா ஒரு லெட்டர் வந்து உங்க பிள்ளைய செலக்ட் பண்ணிட்டோம் இவ்ளோ டாலர் அனுப்புங்கன்னு கேக்கற கம்பெனிகள் நெறைய இருக்கு, நம்ம ஆளுங்க நெறைய பேர் பெருமையா பணம் கட்டிட்டு அப்புறம் வருத்தப்படறாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதுல உங்க பொண்ண தேர்ந்தெடுக்கறது அவள தினம் க்ளாஸ்ல பாக்கற டீச்சர், மார்க் பாக்கறாங்க, நடத்தை பாக்கறாங்க, அந்த ஸ்கூல்லயே கூட்டம் நடக்குது. வித்தியாசம் தெரிஞ்சுக்க இந்த ஒண்ணு போதும், ஸ்கூலுக்குள்ள பேர் சொல்லி காட்டற மாதிரி ஒரு ஆசிரியர் பொறுப்புல இருக்காங்களா இல்லையான்னு பாருங்க.

இந்த ஹானர் சொசைட்டிங்கற பழக்கமே அமெரிக்காவுல ரொம்பப் பழசு. வர்ஜீனியாவுல வில்லியம் அண்ட் மேரி காலேஜ்ல 1776-ல ஃபை பீட்டா கப்பா ஆரம்பிச்சதுதான் தொடக்கம்னு சொல்வாங்க. ஹைஸ்கூலுக்கு அது வந்தது 1921-ல, பிட்ஸ்பர்க்ல எட்வர்ட் ரைனியர்சன்னு ஒரு பிரின்சிபால் முன்ன நின்னு நேஷனல் ஹானர் சொசைட்டி ஆரம்பமாச்சு, உங்க பொண்ணு ஸ்கூல்ல அது கண்டிப்பா இருக்கும். ஆனா ஸ்பானிஷுக்குன்னு தனியா ஒண்ணு வந்த கதை வேற, அது ஒரு யுத்தத்துல இருந்து தொடங்குது.

முதல் உலகப்போருக்கு முன்னாடி அமெரிக்க ஹைஸ்கூல் பசங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் ஜெர்மன் படிச்சிட்டிருந்தாங்க. 1917-ல அமெரிக்கா போருக்குள்ள போனதும் ஜெர்மன்னாலே எதிரி மொழின்னு ஆகிப்போச்சு, மாவட்டம் மாவட்டமா க்ளாஸ மூடினாங்க, 1922-ல பாத்தா நூத்துல ஒருத்தர் கூட ஜெர்மன் படிக்கல. நெப்ராஸ்கா மாநிலத்துல 1919-ல சட்டமே போட்டாங்க, எட்டாவது பாஸ் பண்றதுக்கு முன்னாடி எந்தப் பிள்ளைக்கும் வேற மொழி சொல்லித் தரக்கூடாதுன்னு. ராபர்ட் மேயர்னு ஒரு வாத்தியார், ஒரு லூதரன் சர்ச் ஸ்கூல்ல பத்து வயசுப் பையனுக்கு ஜெர்மன்ல பைபிள் கதை படிக்க சொல்லிக் குடுத்ததுக்கு 25 டாலர் அபராதம் போட்டாங்க. அந்த மனுஷன் விடல, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1923-ல ஜெயிச்சார். மொழி வாத்தியார் ஒருத்தர் க்ளாஸுக்கு வெளிய எவ்ளோ தூரம் போக வேண்டியிருக்கும்ங்கறதுக்கு நான் இந்தக் கேஸத்தான் எப்பவும் சொல்வேன்.

ஜெர்மன் விட்டுட்டுப் போன இடத்துக்கு ஸ்பானிஷ் வந்துச்சு. ஒரே சமயத்துல அவ்ளோ பசங்க வந்து சேர்ந்தப்போ சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, பாடப்புத்தகம் சரியில்ல, லத்தீன் ஃப்ரெஞ்சு எல்லாம் படிக்கறவங்க இத ஏதோ வியாபாரத்துக்குப் படிக்கிற சுலபமான மொழின்னு கீழா பாத்தாங்க. அந்தச் சூழ்நிலையிலதான் 1917-ல நியூயார்க்ல லாரன்ஸ் வில்கின்ஸ்ங்கறவர் முன்னாடி நின்னு ஸ்பானிஷ் ஆசிரியர் சங்கத்த ஆரம்பிச்சார், முதல் தலைவரும் அவர்தான், நியூயார்க் நகர ஹைஸ்கூல்கள்ல வெளிநாட்டு மொழிப் பாடத்துக்கெல்லாம் பொறுப்புல இருந்தவர். இஸ்பானியாங்கற பத்திரிகையும் கூடவே வந்துச்சு, அதுக்கு முதல் எடிட்டர் ஸ்டான்ஃபோர்ட்ல இருந்த அவுரேலியோ எஸ்பினோசா, நியூ மெக்சிகோ பக்கத்து ஸ்பானிஷ் நாட்டுப்பாட்டு கதை எல்லாம் தேடித் தேடி சேகரிச்சவர். போர்ச்சுகீஸும் சேர்ந்து சங்கத்தோட பேர் மாறினது 1944-ல.

காலேஜ் லெவல்ல ஸ்பானிஷுக்கு முதல் ஹானர் சொசைட்டி சிக்மா டெல்டா பை, 1919 நவம்பர் 14 அன்னைக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பெர்க்லியில ஆரம்பிச்சது. உங்க பொண்ணு காலேஜ்ல ஸ்பானிஷ மேஜராவோ மைனராவோ எடுத்தா அப்போ அதுல சேரலாம். ஹைஸ்கூலுக்கு அப்படி ஒண்ணு வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, 1953-ல ஸ்பானிஷ் நேஷனல் ஹானர் சொசைட்டிங்கற பேர்ல வந்து பின்னாடி இப்போ இருக்கற ஸ்பானிஷ் பேருக்கு மாறிச்சு. கலர் சிவப்பும் தங்கமும், பூ சிவப்பு கார்னேஷன், முழக்கம் தோதோஸ் ஆ ஊனா, எல்லாரும் ஒண்ணா சேர்ந்துன்னு வெச்சுக்கோங்க. இந்த முழக்கத்தக் கேட்டா ஸ்பெயின்காரங்களுக்கு ஃபுவென்தே ஒவெஹுனாங்கற கிராமம்தான் ஞாபகம் வரும். 1476-ல கொடுமை பண்ணின அதிகாரிய ஊரே சேர்ந்து கொன்னுடுச்சு, விசாரிக்க வந்த நீதிபதி யார் பண்ணினதுன்னு கேட்டு சித்ரவதை பண்ணினப்போ கூட ஒருத்தரும் ஒருத்தரக் காட்டிக் குடுக்கல, ஃபுவென்தே ஒவெஹுனா பண்ணிச்சுன்னே சொன்னாங்களாம். பசங்களுக்கு இந்தக் கதைய சொன்னா க்ளாஸே அமைதியாயிடும்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன், நீங்க டெக்ஸாஸ்ல இருக்கறதால இது உங்களுக்கு இன்னும் நெருக்கமான விஷயம்.

சொசைட்டி ஆரம்பிச்சது 1953. அதுக்கு மறு வருஷம், 1954-ல, உங்க மாநிலத்தோட மேற்குக் கோடியில மார்ஃபாங்கற சின்ன ஊர், அங்க பிளாக்வெல் ஸ்கூல்னு ஒண்ணு, மெக்சிகன் குடும்பத்துப் பிள்ளைங்கள மட்டும் தனியா படிக்க வெச்ச ஸ்கூல். 1909-ல கட்டினது, 1965-ல தான் மூடினாங்க. அங்க ஸ்பானிஷ் பேசினா அடி, மரத்துல செஞ்ச தட்டையால அடிப்பாங்க. ஒரு நாள் பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு ஆளுக்கு ஒரு சீட்டு குடுத்து, நான் ஸ்பானிஷ் பேச மாட்டேன்னு எழுத சொல்லி, அந்தச் சீட்ட எல்லாம் ஒரு பெட்டியில போட்டு, கொடிக்கம்பத்து பக்கத்துல குழி தோண்டி புதைச்சாங்க. மிஸ்டர் ஸ்பானிஷோட சவ அடக்கம்னு அதுக்குப் பேர். அந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட எந்த மொழியில பேசியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2007-ல அங்க படிச்ச பழைய மாணவர்கள், அப்போ எல்லாம் வயசானவங்க, திரும்பி வந்து ஒரு ஸ்பானிஷ் டிக்‌ஷனரிய மண்ணுக்குள்ள இருந்து எடுக்கற மாதிரி ஒரு சடங்கு பண்ணினாங்க. 2022-ல அந்த ஸ்கூல தேசிய வரலாற்றுச் சின்னமாக்கற சட்டத்துல அதிபர் பைடன் கையெழுத்துப் போட்டார், இப்போ தேசியப் பூங்கா துறை அத பாத்துக்குது. லீவுல பிக் பெண்ட் பக்கம் போனா கண்டிப்பா பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க.

ஆக ஒரே நாட்டுல ஒரே சமயத்துல ஒரு பக்கம் ஸ்பானிஷ் நல்லா படிச்ச பிள்ளைக்கு சிவப்பு கார்னேஷன் குடுத்து கௌரவம் பண்ணியிருக்காங்க, இன்னொரு பக்கம் வீட்ல ஸ்பானிஷ் பேசற பிள்ளைய அடிச்சிருக்காங்க. பாடமா படிச்சா பெருமை, தாய்மொழியா இருந்தா குத்தம். இந்தக் கோணல் இன்னும் முழுசா நிமிரல. புதுசா சாப்டர் ஆரம்பிக்கற டீச்சர் எடுக்கற முடிவுலயே பெரிய முடிவு இதுதான்னு நான் அடிச்சு சொல்வேன், வீட்ல ஸ்பானிஷ் பேசற பிள்ளைங்கள இந்த சொசைட்டி எப்படி சேத்துக்கப் போகுது.

ஏன் இத இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ரூல்ஸ் எழுதறப்போ யாரும் வேணும்னு பண்ணாமயே இவங்க வெளிய நின்னுடுவாங்க. தேசிய அளவுல இருக்கற நிபந்தனை சிம்பிள், ஸ்பானிஷ்லயோ போர்ச்சுகீஸ்லயோ குறைஞ்சது மூணு செமஸ்டர் ஹானர் ஆவரேஜ், அதாவது நல்ல உயர்ந்த சராசரி மார்க், வேணும், கூடவே நடத்தை, பொறுப்பு, தலைமை, சேவை மனசு எல்லாம் பாக்கணும். ஹானர் ஆவரேஜ்னா எவ்ளோ, எந்தெந்த க்ளாஸ கணக்குல எடுக்கறதுங்கறத ஸ்கூல்ல இருக்கற டீச்சர்தான் முடிவு பண்றாங்க. அங்க ஸ்பானிஷ் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா படிச்சிருக்கணும்னு ஒரு வரி எழுதிட்டா போச்சு, ஏன்னா வீட்ல ஸ்பானிஷ் பேசற பிள்ளை அந்த வரிசையிலயே வராது. அதுக்குன்னு இருக்கற ஹெரிட்டேஜ் க்ளாஸ்ல இருக்கும், இல்ல நேரா காலேஜ் லெவல் பாடமான ஏ.பி. ஸ்பானிஷுக்குப் போயிருக்கும், ரெண்டு செமஸ்டர்தான் இருக்கும் கணக்குல. இன்னொண்ணு, சாயங்காலம் ரெஸ்டாரண்ட்ல வேலை, தம்பி தங்கச்சிய பாத்துக்கணும், இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்கூல் முடிஞ்சு நடக்கற மீட்டிங் எல்லாத்துக்கும் வரணும்னு ரூல் போட்டா, அது வீட்டுக்கு கார் வர்ற பிள்ளைங்களோட க்ளப்பா மாறிடும்.

இந்த மனப்பான்மைக்கு வேர் ரொம்ப ஆழம். 1918-ல வந்த இஸ்பானியா முதல் இதழ்லயே ஸ்பெயினோட பெரிய மொழி அறிஞர் மெனெந்தெஸ் பிதால் எழுதியிருக்கார், அமெரிக்க ஸ்கூல்ல எந்த ஸ்பானிஷ சொல்லிக் குடுக்கறதுங்கற பேச்சு அன்னைக்கே இருந்திருக்கு. ரொம்ப நாள் வரைக்கும் மாட்ரிட் உச்சரிப்பு உசத்தி, எல்லைப்பக்கத்து ஸ்பானிஷ் கொச்சைன்னுதான் பாத்தாங்க. நாமளும் நம்ம மொழியில இதே வேலைய பண்றவங்கதான், எந்த ஊர் பேச்சு சுத்தம்னு சண்டை போடாத கூட்டம் உண்டா. என் க்ளாஸ்ல ஒரு பொண்ணு, எல் சால்வடார் குடும்பம், பரீட்சைத்தாள்ல நீங்கறதுக்கு வோஸ்னு எழுதியிருந்தா, அவ பாட்டி வீட்ல அப்படித்தான் பேசறாங்க, கோடிக்கணக்கான பேர் அப்படித்தான் பேசறாங்க, ஆனா புத்தகத்துல தூன்னு இருக்கறதால முந்தின வருஷங்கள்ல எல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டு மார்க் கொறைச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு வாயத் திறந்தா க்ளாஸ்ல யாராலயும் பக்கத்துல நிக்க முடியாது, ஆனா கிரேட் ஷீட்ட மட்டும் பாத்தா பி ப்ளஸ். இவள உள்ள கொண்டு வராத ஸ்பானிஷ் சொசைட்டி எதுக்குன்னு கேக்கறேன்.

அதனால எங்க சாப்டரோட பைலாஸ்ல, அதாவது விதிமுறையில, ஹெரிட்டேஜ் க்ளாஸ முழுசா கணக்குல எடுத்தோம், மீட்டிங்க லஞ்ச் நேரத்துல வெச்சோம், மார்க்கோட சேர்த்து ஒரு சின்ன நேர்காணல் வெச்சோம், ஸ்பானிஷ்லயே பத்து நிமிஷம் பேசணும், எந்த நாட்டு ஸ்பானிஷா இருந்தாலும் சரி. நேர்காணல் வெச்சதுல மத்தப் பிள்ளைங்களுக்கும் நல்லது நடந்துச்சு. வினைச்சொல் அட்டவணைய மனப்பாடம் பண்ணி ஏ வாங்கின பசங்க நிஜமா பேசிப் பழக ஆரம்பிச்சாங்க.

சரி, ஆரம்பிக்கறதுக்கு டீச்சர் என்னென்ன பண்ணணும்னா, முதல்ல அவங்க ஏ.ஏ.டி.எஸ்.பி. மெம்பரா இருக்கணும், பிரின்சிபால் சம்மதம் வாங்கணும், சாப்டருக்கு சார்ட்டர், அதாவது அங்கீகாரப் பத்திரம், கேட்டு விண்ணப்பம் போடணும், ஒரு பேர் வைக்கணும், நிர்வாகிங்கள தேர்ந்தெடுக்கணும், அப்புறம் புதுப் பிள்ளைங்கள முறைப்படி சேத்துக்கற விழாவான இன்டக்‌ஷன். பேப்பர் வேலைன்னு பாத்தா பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு மாசத்துல முடிஞ்சிடும். கஷ்டம் எங்கன்னா, இது முக்கால்வாசி ஸ்கூல்கள்ல சம்பளம் இல்லாத வேலை, சில டிஸ்ட்ரிக்ட்ல சின்னதா ஒரு தொகை தருவாங்க, அவ்ளோதான். லஞ்ச் டைம் போயிடும், சனிக்கிழமை போயிடும், நிதி சேக்க நடத்தற பேக் சேலுக்கு கப் கேக் வாங்கப் போனா சொந்தக் காசு போகும். டீச்சருக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டிருந்தீங்க இல்ல, பதில் இதுதான், கையில எதுவும் கிடைக்கறதில்ல. ஆனா ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு இது குடுக்கற பலம் ஜாஸ்தி. பட்ஜெட் குறைக்கறப்போ முதல்ல கத்தி வைக்கறது நாலாவது வருஷ மொழி க்ளாஸ் மேலதான், இருபது பேர் கூட சேரலன்னா க்ளாஸ மூடிடுவாங்க. சொசைட்டி இருந்தா பசங்க ரெண்டு வருஷத்தோட நிறுத்தாம மூணு, நாலுன்னு தொடர்றாங்க, ஸ்கூல் போர்ட் மீட்டிங்ல போய் பேச நாலு பிள்ளைங்க, நாலு பெத்தவங்க இருப்பாங்க. நான் பாத்த வரைக்கும் இதுதான் ரொம்பப் பெரிய பலன்.

பேர் வைக்கற விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். பொதுவா ஸ்பானிஷ் இல்ல போர்ச்சுகீஸ் பேசற உலகத்துல இருந்து ஒரு எழுத்தாளர், கலைஞர், சரித்திரத்துல நின்ன ஆள்னு வைப்பாங்க. செர்வாந்தெஸ்னு நூறு சாப்டர் இருக்கட்டும், தப்பில்ல, ஆனா அத டீச்சரே வெச்சுடாம பசங்ககிட்ட விட்டுப் பாருங்கன்னு நான் எல்லா ஸ்பான்ஸர்ஸ்கிட்டயும் சொல்றேன். எங்க பசங்க ஆளுக்கு ஒரு பேர் எடுத்துட்டு வந்து அஞ்சு நிமிஷம் பேசணும்னு வெச்சோம், கடைசியில ஜெயிச்சது கேப்ரியேலா மிஸ்ட்ரால். சிலி நாட்டுல எல்கி பள்ளத்தாக்குல ஏழைக் குடும்பத்துல பொறந்தவங்க, பதினஞ்சு பதினாறு வயசுலயே கிராமத்து ஸ்கூல்ல உதவி ஆசிரியையா வேலைக்குப் போனவங்க, முறையான படிப்பு ரொம்பக் கொஞ்சம்தான். தெமுக்கோ ஊர்ல பெண்கள் பள்ளிக்கு அவங்க தலைமை ஆசிரியையா இருந்தப்போ ஒல்லியா ஒரு பையன் கூச்சத்தோட தேடி வருவான், அவனுக்கு ரஷ்ய நாவல்கள எல்லாம் படிக்கக் குடுத்து அனுப்புவாங்க, அந்தப் பையன்தான் பின்னாடி பாப்லோ நெருடா. 1922-ல மெக்சிகோ அரசாங்கம் கூப்பிட்டு கிராமப் பள்ளிகளையும் நூலகங்களையும் சீர்படுத்த உதவி கேட்டுச்சு, போய் ரெண்டு வருஷம் வேலை பாத்தாங்க. 1945-ல லத்தீன் அமெரிக்காவுக்கு முதல் இலக்கிய நோபல் அவங்களுக்குத்தான். கடைசி காலத்துல நியூயார்க் லாங் ஐலண்ட்லதான் இருந்தாங்க, 1957-ல அங்கயே இறந்தாங்க. இவ்ளோத்தையும் ஒரு பதினாறு வயசுப் பையன் தன் உடைஞ்ச ஸ்பானிஷ்ல, நடுநடுவுல நோட்ட பாத்துப் பாத்து, வேர்த்து விறுவிறுத்து சொல்லி முடிச்சான் பாருங்க, கை தட்டினதுல நானும் ஒரு ஆள்.

இன்டக்‌ஷன் விழா பத்தி கொஞ்சம் சொல்லணும். முழு நிகழ்ச்சியும் ஸ்பானிஷ்லயே நடத்தணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். அலுவலகத்துல கொஞ்சம் தயங்கினாங்க, பாதிப் பெத்தவங்களுக்குப் புரியாதேன்னாங்க, இங்கிலீஷ்ல ஒரு பக்கம் அச்சடிச்சுக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். மேஜை மேல வரிசையா மெழுகுவர்த்தி, ஒவ்வொரு பிள்ளையா வந்து பெரிய மெழுகுவர்த்தியில இருந்து தன்னோடத ஏத்திக்கும், உறுதிமொழி சொல்லும், கார்னேஷன வாங்கிட்டு கையெழுத்துப் போடும். அன்னைக்கு ஹாலுக்குள்ள ஒரு தலைகீழ் நடந்துச்சு. எப்பவும் ஸ்கூல் விழாவுல முன் வரிசையில உக்காந்து எல்லாம் புரிஞ்சு சிரிக்கறவங்க கையில இருந்த பேப்பர பாத்துட்டிருந்தாங்க, எப்பவும் பின்னாடி சுவரோரமா நின்னு பிள்ளை பேர் வரும்போது மட்டும் நிமிர்ந்து பாக்கறவங்க முன்னாடி வந்து உக்காந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாங்க. அந்த சால்வடார் பொண்ணோட அம்மா வேலை யூனிஃபார்மோட வந்திருந்தாங்க, ஏதோ ஹோட்டல் பேர் போட்ட சட்டை, விழா முடிஞ்சதும் பிரின்சிபால்கிட்ட அவங்களே நேரா போய் ஸ்பானிஷ்லயே நன்றி சொன்னாங்க, மொழிபெயர்க்க பொண்ணக் கூப்பிடல. பிரின்சிபால் தெரிஞ்ச ரெண்டு வார்த்தைய வெச்சு தடுமாறி பதில் சொன்னார். வருஷக்கணக்கா அந்த ஸ்கூலுக்குள்ள வந்து போன அம்மா அவங்க.

சேவைன்னு வர்றப்போ ஒரு எச்சரிக்கை சொல்லணும், இத உங்க டீச்சர்கிட்டயும் பக்குவமா சொல்லுங்க. சொசைட்டி ஆரம்பிச்ச உடனே ஆஃபீஸ்ல இருந்து போன் வரும், ஒரு பேரன்ட் வந்திருக்காங்க, ஸ்பானிஷ் தெரிஞ்ச பிள்ளை ஒண்ண அனுப்புங்கன்னு. கேஃப்டீரியா எங்க இருக்குன்னு வழி காட்டறது, ஓபன் ஹவுஸ்ல வரவேற்கறது இதெல்லாம் சரி. ஆனா ஒரு மாணவனோட டிசிப்ளின் விஷயம், உடம்பு விஷயம், ஸ்பெஷல் எஜுகேஷன் மீட்டிங் இதுக்கெல்லாம் பிள்ளைங்கள மொழிபெயர்க்க வைக்கவே கூடாது, அது அடுத்த குடும்பத்தோட அந்தரங்கம், பிள்ளை தலையில தூக்கி வைக்கற பாரமும் இல்ல, அதுக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தகுதியான ஆள ஏற்பாடு பண்ணணும். முதல் வருஷமே இத எழுத்துல போட்டுட்டா அப்புறம் மறுக்கறது சுலபம்.

மத்தபடி பண்ண நல்ல வேலை எவ்வளவோ இருக்கு. எலிமெண்டரி ஸ்கூலுக்குப் போய் ஸ்பானிஷ் படக்கதை படிச்சுக் காட்டறது நாங்க வருஷா வருஷம் பண்றோம், ஏப்ரல் 30-ல தியா தே லோஸ் நீஞ்யோஸ், அதாவது குழந்தைகள் தினம், வரும், பாட் மோராங்கற எழுத்தாளர் 1996-ல இருந்து அத புத்தகங்களோட சேர்த்துக் கொண்டாடற நாளா பரப்பினவங்க, லைப்ரரிகள்ல கேட்டா சந்தோஷமா இடம் குடுப்பாங்க. செப்டம்பர் 15-ல இருந்து அக்டோபர் 15 வரைக்கும் ஹிஸ்பானிக் ஹெரிட்டேஜ் மாசம், 1968-ல ஒரு வாரமா இருந்தது 1988-ல மாசமாச்சு, 15-ஆம் தேதி ஏன்னா 1821-ல குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா, கோஸ்டாரிகா அஞ்சும் சுதந்திரம் அறிவிச்ச நாள் அது. இதுல வெறும் டாக்கோ வித்து தொப்பி போட்டு போட்டோ எடுக்கறதோட நிறுத்திட்டா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், அந்த அஞ்சு நாட்டுப் பிள்ளைங்களும் உங்க ஸ்கூல்லயே இருப்பாங்க, அவங்கள பேச வைங்க. ஸ்பானிஷ் ஒண்ணு படிக்கற பசங்களுக்கு ட்யூட்டரிங்கும் கண்டிப்பா வேணும், அதுல இன்னொரு நல்லதும் இருக்கு, இங்கிலீஷ் இன்னும் சரியா வராத புது மாணவன் கூட ஸ்பானிஷ்ல ஆசிரியரா உக்கார முடியும், அவன் அந்த ஸ்கூல்ல யாருக்காவது சொல்லிக் குடுக்கற ஒரே இடம் சில சமயம் அதுவாத்தான் இருக்கும்.

காசு பத்தி. மெம்பர்ஷிப்புக்கு ஒரு சின்ன கட்டணம் இருக்கும், பட்டமளிப்பு அன்னைக்கு போட்டுக்கற சிவப்பு தங்கக் கயிறு வேணும்னா அதுக்குத் தனி. கட்ட முடியாத பிள்ளை ஒதுங்கிப் போகாம பாத்துக்கணும், யாருக்கும் தெரியாம சொசைட்டி நிதியில இருந்து கட்டிடற மாதிரி ஏற்பாடு முதல்லயே இருக்கணும். பேரன்ட்ஸ் யாராவது உதவணும்னு நெனச்சா, நான் கேக்கறது இந்த நிதிக்குத்தான், பார்ட்டி செலவுக்கு இல்ல. தேசிய அளவுல பதினொண்ணாவது படிக்கற ஜூனியர்ஸுக்கு பெர்டி க்ரீன் பயண விருது, பன்னெண்டாவது படிக்கற சீனியர்ஸுக்கு ஜோசஃப் ஆடம்ஸ் ஸ்காலர்ஷிப்னு ரெண்டு இருக்கு, அல்ப்ரிசியாஸ்னு பசங்க எழுத்துக்குன்னே ஒரு பத்திரிகையும் இருக்கு, சாப்டர் இருந்தாதான் இதுக்கெல்லாம் விண்ணப்பிக்க வழி.

காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமான்னா, நேரடியா சொல்றேன், இத வெச்சு யாரும் பெரிய யுனிவர்சிட்டியில நுழைஞ்சதா நான் பாத்ததில்ல. விண்ணப்பத்துல ஒரு வரி, அவ்ளோதான். ரெண்டு வருஷம் ட்யூட்டரிங் நடத்தின பிள்ளைக்கு டீச்சர் எழுதற சிபாரிசுக் கடிதம் வேற மாதிரி இருக்கும், அது உண்மை, ஆனா அதுக்காகன்னு சேந்த பிள்ளை ரெண்டாவது மாசமே காணாம போயிடும். மொழித் திறமைக்கு அத்தாட்சி வேணும்னா ரெண்டு மொழியில எழுதப் படிக்கப் பேசத் தெரியும்னு காட்டற சீல் ஆஃப் பைலிட்டரசின்னு தனியா ஒண்ணு இருக்கு, கலிஃபோர்னியாவுல 2011-ல சட்டமாகி அப்புறம் மத்த மாநிலங்களுக்கும் பரவினது, டெக்ஸாஸ்லயும் இருமொழித் திறமைக்கு டிப்ளமாவுல தனிக் குறிப்பு போடுவாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு இது கூடுதலா ஒரு கதவு, ஏன்னா பல இடங்கள்ல தமிழுக்கும் பரீட்சை எழுதி சீல் வாங்கலாம். எங்க சொசைட்டியில இருக்கற ஒரு தமிழ்ப் பையன் ஸ்பானிஷ்காரப் பசங்க வீட்டு மொழிய விடாம பிடிச்சிட்டிருக்கறத பாத்துட்டுத்தான் வார இறுதி தமிழ்ப் பள்ளிக்கு மறுபடி போக ஆரம்பிச்சான்னு அவங்க அம்மா சொன்னாங்க.

உங்க பொண்ண தாராளமா சேர விடுங்க. வீட்ல ஸ்பானிஷ் இல்லாதது குறையே இல்ல, இது படிச்சு வந்த பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான். அதோட பெற்றோர் கூட்டம் நடந்தா நீங்க போங்க, போய் ரெண்டு கேள்வி கேளுங்க: ஹெரிட்டேஜ் க்ளாஸ் கணக்குல வருதா, கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு என்ன வழி. டீச்சர் யோசிக்காம விட்டிருந்தா உங்க கேள்வியால யோசிப்பாங்க, ஏற்கனவே யோசிச்சிருந்தா துணைக்கு ஒரு ஆள் இருக்குன்னு தெம்பாயிடுவாங்க. முதல் வருஷம் ட்யூட்டரிங் மேஜைக்கு ஆள் பத்தவே பத்தாது, உங்க பொண்ணுக்கு வாரத்துல ஒரு லஞ்ச் ஒதுக்க முடியும்னா இன்டக்‌ஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டீச்சர்கிட்ட போய் பேர் குடுக்க சொல்லுங்க.